நாலு கஜத் துணி

“அவன் ஓடறான் வாத்தியாரே. மூணு வருசமா ஓடறான்.”

டில்லிபாபு கையை நீட்டிக்கொண்டே சொன்னான். பயிற்சிக்கு முன்னால் அவன் கைகளுக்குத் துணி சுற்றிவிடுவது வாத்தியார் ஏசுபாதத்தின் வேலை.

டில்லிபாபு குத்துச்சண்டையில் இருபத்தேழு முறை இறங்கி, இருபத்தேழு முறையும் ஜெயித்தவன். அவன் ‘ஓடறான்’ என்று சொன்ன ஆற்காட்டுத் தணிகைவேலும் இதுவரை தோற்றதில்லை. இருவருக்கும் ஒரே எடை. மோதினால் யார் பெரியவன் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

மோதவே இல்லை.

டில்லிபாபுவுக்கு இப்போது முப்பத்துநாலு. மிஞ்சினால் இன்னும் ஒரு வருடம் சண்டை போடலாம்.

வாத்தியாருக்கும் அதே வயதுதான். பன்னிரண்டு வருடம் முன்பு இதே டில்லிபாபுவிடம் அடிவாங்கி, இடது கண் மங்கி, கையுறையைக் கழற்றி வைத்தவர். மறு மாதமே டில்லிபாபு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். “என்னை அவ்ளோ கிட்டத்துல பாத்தவன் நீதான். எனக்குக் கத்துக்குடு” என்றான்.

அன்றிலிருந்து அவர் வாத்தியார்.

“நீ என்ன கேட்டே? அவன் ஏன் ஓடறான்?”

“ரெண்டு கிலோ எடை குறைச்சுட்டு வான்னேன். முடியாதுன்றான். சண்டை காசிமேட்டுலன்னேன். ஆற்காட்டுக்கு வான்றான். கையுறை நான் சொல்றதுதான்னேன். அதுக்கும் ஒத்துக்கல. பயம் வாத்தியாரே, பயம்.”

“அவன் என்ன சொல்றான்?”

“நான் ஓடறேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறான். வெக்கங்கெட்டவன்.”

வாத்தியார் இரண்டாவது கையையும் சுற்றி முடித்தார். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்த பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

“காலையில வந்துச்சு. எடை நீ சொன்னது. எடம் காசிமேடு. கையுறை உன்னோடது. அவன் கையெழுத்துப் போட்டுட்டான். நீயும் போட்டா முடிஞ்சுது.”

டில்லிபாபு காகிதத்தைப் பார்த்தான். வாங்கவில்லை.

“நடுவர் யாரு?”

“நீ சொல்ற ஆளு.”

“தேதி?”

“உன் இஷ்டம்.”

“ஆடி மாசமா இருக்குதே.”

“ஆவணியில வெச்சுக்கலாம்.”

“தோள்ல ஒரு வலி இருக்குது.”

“எப்பலேர்ந்து?”

டில்லிபாபு துணி சுற்றிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

“கை கட்டியிருக்கே வாத்தியாரே. எப்படி எழுதறது?”

வாத்தியார் சிரிக்கவில்லை. அவன் வலது கையைப் பிடித்து, இப்போதுதான் சுற்றிய துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். மணிக்கட்டு, விரல் இடுக்கு, உள்ளங்கை. நாலு கஜத் துணி. அவசரமே படவில்லை.

கடைசிச் சுற்று உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

குத்து மூட்டை அதுபாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு யாரும் அதை இன்னும் தொடவில்லை. துணியோ பிழிந்தால் சொட்டும் போல வேர்வையில் நனைந்திருந்தது.

இருவரும் துணியைப் பார்த்தார்கள். டில்லிபாபுவுக்கு அவமானமாக இருந்தது.

“தோத்தா எப்படி இருக்கும் வாத்தியாரே?”

பன்னிரண்டு வருடத்தில் அவன் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“அழுதேன். மறுநாள் காலையில பசிச்சுது. நாலு இட்லி சாப்ட்டேன்.”

“அவ்ளோதானா?”

“அஞ்சாவது வெக்க வந்தாங்க. போதும்னுட்டேன்.”

டில்லிபாபு காகிதத்தை வாங்கிப் பிரித்தான். அடியில் தணிகைவேலின் கையெழுத்து. மை கலைந்து, பாதிப் பெயர் படிக்கவே முடியவில்லை. பக்கத்தில், ஈரம் பட்டுக் காய்ந்த ஒரு கட்டைவிரல் தடம்.

தன் ஈரக் கட்டைவிரலை அந்தத் தடத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தான்.

பிறகு பேனாவுக்குக் கை நீட்டினான்.

வாத்தியார் முதலில் துண்டைக் கொடுத்தார்.

“அவன் துடைக்காமப் போட்டுட்டான். நீ துடைச்சிட்டுப் போடு.”