நாற்காலி கோவிச்சுக்காது

"நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாப் பேசலையேம்மா!"

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அடைக்கப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

ஆரிஃபா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"யார்கிட்டண்ணே?"

"சௌந்தரவல்லி டீச்சர்கிட்ட. படம் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே எழுந்து போயிட்டாங்க."

அடைக்கப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபத்தேழு வருஷம் ஃபைல் புரட்டியது போதும் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கேமராவும் கையுமாகப் புதுக்கோட்டையைச் சுற்ற ஆரம்பித்தவர்.

ஆரிஃபாவுக்கு முப்பத்தொன்று. பாஸ்போர்ட் படத்தில்கூட ஆளை உயிரோடு காட்டுவாள் என்று ஊரில் பேர்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளிடம் வந்து, "எனக்குத் தொழில் சொல்லிக் கொடுங்கம்மா" என்று அவர் நின்றபோது, யாருக்கு யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

"உட்காருங்க. நடந்ததைச் சொல்லுங்க."

அவர் சொன்னார்.

சௌந்தரவல்லி பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. அதற்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

தலைமையாசிரியர் அறைச் சுவரில் முன்னாள் தலைமையாசிரியர்களின் பதினோரு படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பதினோரு பேரும் ஆண்கள். பன்னிரண்டாவதாக டீச்சரின் படம் வர வேண்டும் என்று பழைய மாணவிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

ஆனால் டீச்சர் கேமரா முன்னால் உட்கார்ந்து இரண்டு வருஷமாகிறது. முகவாதம் வந்து இடது பக்கக் கன்னமும் உதடும் இறங்கிவிட்டன. மகள் கல்யாணத்தில்கூட மேடைக்கு ஓரமாகவே நின்றுகொண்டார்.

எப்படியோ மாணவிகள் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார்கள். புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தன் அறையிலேயே வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தாம்மா ஆரம்பிச்சுது. சிரிச்சாங்ககூட. மூணாவது படத்துக்கே சிரிப்பு போச்சு. அப்புறம் முகம் இறுகிக்கிட்டே வந்துச்சு. பன்னிரண்டாவது படம் எடுத்ததும் எழுந்தாங்க. 'போதும் சார். பேரை மட்டும் எழுதி மாட்டச் சொல்லிடறேன்'னாங்க. போயிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதான் சொல்றேனே. ஒண்ணுமே சொல்லல. அவங்க முகத்தைப் பத்தி மூச்சுக்கூட விடல. அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன்."

அவர் கேமராப் பையை மேஜைமேல் வைத்தார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

ஆரிஃபா எழுந்து போய்த் தன் கேமராவை எடுத்தாள். திரைச்சீலைக்கு முன்னாலிருந்த முக்காலியைக் காட்டினாள்.

"அங்க உட்காருங்கண்ணே. உங்களை ஒரு படம் எடுக்கணும்."

"என்னையா? இப்பவா?"

"இப்பத்தான்."

அடைக்கப்பனுக்குக் கொஞ்சம் கூச்சம். கொஞ்சம் சந்தோஷமும்தான். சீப்பை எடுத்து இருக்கிற முடியை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். ஆரிஃபா கையால் படம் எடுத்துக்கொள்ள அறந்தாங்கியிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

கிளிக்.

ஆரிஃபா குனிந்து கேமராத் திரையைப் பார்த்தாள். புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது. எதையோ திருகினாள்.

கிளிக். மறுபடி குனிந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. அப்படியே இருங்க."

கிளிக். குனிந்தாள். 'ப்ச்' என்று ஒரு சத்தம், அவளுக்கே கேட்டிருக்காது.

அடைக்கப்பன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். காலர் சரியாகத்தான் இருந்தது. தொப்பை தெரிகிறதோ என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

கிளிக். குனிந்தாள். தலையை லேசாக ஆட்டினாள்.

முன்பல் இடைவெளி. அதுதான். சின்ன வயதிலிருந்தே அதுதான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கிளிக்.

வழுக்கையாக இருக்குமோ? விளக்கு நேராக மண்டையில்தானே அடிக்கிறது?

கிளிக்.

அவள் இந்தத் தடவை திரையை நெடுநேரம் பார்த்தாள். அந்த நேரம் முழுக்க அவர் அந்த முக்காலியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். மடியில் வைத்தார். இத்தனை வருஷம் இந்தக் கைகளை எங்கேதான் வைத்திருந்தோம் என்று யோசித்தார்.

ஒன்பதாவது கிளிக்குக்குப் பிறகு எழுந்துவிட்டார்.

"விடும்மா. இந்த மூஞ்சிக்கு இதுக்கு மேல வராது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

ஆரிஃபா கேமராவை அவரிடம் நீட்டினாள்.

முதல் படத்தில் ஒரு மனிதர் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். பல் இடைவெளி தெரிந்தது. நன்றாகவே இருந்தது. ஒன்பதாவது படத்தில் இருந்தவர், ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல இருந்தார்.

"அப்ப எதுக்கும்மா முகத்தைச் சுளிச்சீங்க?"

"வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுண்ணே. அதைக் குறைச்சுக்கிட்டு இருந்தேன்."

அடைக்கப்பன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜன்னல் வெளிச்சம். டீச்சருக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் தூக்கலாக இருந்தது. பன்னிரண்டு தடவையும் அதைப் பார்த்துத்தான் அவரும் முகம் சுளித்தார்.

"பாக்காம எப்படிம்மா எடுக்கிறது? மொத்தமும் தப்பாப் போயிட்டா? எனக்கு உங்க கை இல்லையே."

"பாருங்க. யார் வேண்டாம்னா? ஆள் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போங்க. வெறும் நாற்காலியைப் போட்டு எடுத்துப் பாருங்க. எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க. உச்சுக் கொட்டுங்க, தலையில அடிச்சுக்குங்க. நாற்காலி கோவிச்சுக்காது."

அன்று சாயங்காலமே அடைக்கப்பன் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"நான் உங்க முகத்தைப் பாத்து முகம் சுளிக்கல டீச்சர். ஜன்னலைப் பாத்துச் சுளிச்சேன். வெளிச்சம் சரியா விழலை. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லல. தப்பு என்னோடதுதான்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே ஜன்னல்தானா சார்?"

"நிஜமாவே ஜன்னல்தான் டீச்சர்."

டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"முப்பத்து நாலு வருஷம் நோட்டுத் திருத்தியிருக்கேன். பிள்ளையைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு, நோட்டைப் பாத்தே உச்சுக் கொட்டியிருக்கேன். ஒரு கூட்டல் தப்பு இருக்கும், அதுக்காக. பக்கத்துல நின்னது என்ன நினைச்சுச்சுன்னு ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல."

"டீச்சர்…"

"உள்ள வாங்க. காபி சாப்பிட்டுட்டுப் போங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடத்துல கடைசி நாள்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே அடைக்கப்பன் பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

தலைமையாசிரியர் அறை வேண்டாம் என்று பத்தாம் வகுப்பு அறைக்குள் நாற்காலியைப் போட்டார். எடுத்தார், பார்த்தார். நாற்காலியை நகர்த்தினார். மறுபடி எடுத்தார், பார்த்தார். ஒரு ஜன்னலைச் சாத்தினார். இருபது, முப்பது படம். வாய் விட்டுத் திட்டிக்கொண்டார். கடைசியில் வெளிச்சம் நாற்காலி முதுகில் மெதுவாக வந்து படிந்தது.

டீச்சர் வந்தார். பட்டு இல்லை. தினமும் பள்ளிக்குக் கட்டி வரும் நூல்புடவைதான். உட்கார்ந்தார். தோள் இரண்டும் விறைப்பாக இருந்தன.

முதல் கிளிக்.

அடைக்கப்பனின் கட்டைவிரல், எடுத்த படத்தைக் காட்டும் பட்டனுக்குத் தானாகவே போனது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. படம் வந்ததா இல்லையா? கண் மூடியிருக்குமோ? கழுத்து குனியத் துடித்தது.

அவர் குனியவில்லை.

"டீச்சர், எனக்கு எட்டாவதுல கணக்குல பதினாலு மார்க்."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"எதுல கோட்டை விட்டீங்க? அல்ஜீப்ராவா?"

"அதுல எக்ஸ்னு ஒண்ணு வரும். அது யாருன்னே கடைசி வரைக்கும் எங்க சார் சொல்லல."

டீச்சரின் தோள் இறங்கியது. எக்ஸ் யார் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். கையை நீட்டி, காற்றில் சமன்பாடு எழுதி, எதிரில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பது போல. நடுவில் அடைக்கப்பன் சொன்ன ஏதோ ஒரு தப்பான பதிலுக்குச் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. கண் இரண்டும் சிரித்தன.

கிளிக். கிளிக்.

பாதி சமன்பாட்டில் டீச்சருக்குத் திடீரென்று நினைவு வந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். கை மடிக்கு இறங்கியது.

"சார், எப்படி வந்திருக்கு?"

"தெரியலை டீச்சர். இன்னும் பாக்கல."

"பாக்கலையா? கால் மணி நேரமா எடுக்கறீங்க. எதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"உங்களைத்தான் டீச்சர்."

வெளியே மைதானத்தில் பெண்பிள்ளைகள் கபடி ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சௌந்தரவல்லி டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

"அப்படின்னா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்றேன்."