அடுத்த அறை டாக்டர்

நெடுங்கரை மிஷன் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஹெப்சிபா வந்த பிறகுதான், டாக்டர் தயாமணி வாசலில் கிடக்கும் செருப்புகளைக் கவனிக்கத் தொடங்கினாள்.

அதுவரை ஒரே வாசல்தான். விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் வெயிலில் நடந்து வந்து அவளிடம்தான் காட்டுவார்கள். தயாமணி படித்து முடித்த கையோடு பெரிய டாக்டர் மாசிலாமணியிடம் வந்து சேர்ந்தவள். காயத்தைத் தைப்பதிலிருந்து, சாகப்போகிறவன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது வரை அவரிடம் கற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலை நரைத்தது. பெரிய டாக்டருக்குக் கண் மங்கி, அவர் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தியபின் ஆஸ்பத்திரி அவள் கைக்கு வந்தது.

ஹெப்சிபா சின்னப் பெண். நோயாளிகளோடு பாயில் சமமாக உட்கார்ந்து பேசுவாள். அவள் அறையில் எந்நேரமும் சிரிப்புச் சத்தம். சில மாதங்களில் செருப்புகளெல்லாம் அந்த வாசலுக்கு நகர்ந்துவிட்டன. தயாமணியின் கையில் பிறந்த பெண்களே தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றார்கள்.

காலை ஜெபத்தில் ஊழியர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி வேண்டுவது வழக்கம். தயாமணி ஒரு பெயரை மட்டும் விட்டாள். அதை யாரும் கவனிக்காததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் கரிமூட்டத்தில் வேலை செய்யும் பூரணம் நொண்டிக்கொண்டு வந்தாள். கருவேல முள் குத்தி, பாதம் சீழ் வைத்திருந்தது. தயாமணியின் வாசலைக் கடக்கும்போது கும்பிட்டாள். கடந்து போய் அடுத்த வரிசையில் நின்றாள்.

தயாமணிக்கு அவளைத் தெரியும். முன்பு ஒருமுறை பென்சிலின் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து வீங்கியவள். இனி இந்த ஊசி உனக்கு ஆகாது என்று அப்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பூரணம் அதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிற ஆள் இல்லை. எழுந்து போய் ஹெப்சிபாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தயாமணி எழுந்திருக்கவில்லை. அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்.

ஹெப்சிபா கேட்கத்தான் செய்தாள். எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்றதற்கு, அப்படியெல்லாம் இல்லை என்றாள் பூரணம். முறைப்படி முதலில் கையில் ஒரு துளி பென்சிலின் போட்டுப் பார்த்தாள் ஹெப்சிபா. அந்தத் துளியே போதுமானதாக இருந்தது.

நர்ஸ் கூப்பிட்ட குரல் கேட்டுத் தயாமணி ஓடினாள். பூரணம் தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தயாமணி அட்ரினலினைத் தொடையில் போட்டாள். தரையில் உட்கார்ந்து பூரணத்தின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னாள். வெகுநேரம் கழித்துப் பூரணம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அன்று மாலை தயாமணி பெரிய டாக்டரைத் தேடிப் போனாள். அவர் துவைத்துக் காய்ந்த கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண் தெரியாவிட்டாலும் கை செய்துவிடும் வேலை.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன்னால் ஒரு உயிர் போகப் பார்த்தது, இனி இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று அழுதுகொண்டு ஹெப்சிபா பெட்டி கட்டுவதையும் சொன்னாள்.

"நீ அவளிடம் என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை ஐயா. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்."

அவர் துணியைச் சுருட்டினார்.

"அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது," என்றாள் தயாமணி. "அதற்குப் பிறகுதான் என்னை நினைத்தே பயம் வந்தது. என்னை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள் ஐயா. இங்கே இருக்க எனக்குத் தகுதியில்லை."

"பூரணம் வரிசையில் நின்றபோது யாருடைய நோயாளி?"

"ஹெப்சிபாவுடைய நோயாளி."

"விழுந்தபோது?"

"தெரியவில்லை ஐயா. அப்போது அது தோன்றவே இல்லை. ஓடினேன்."

பெரிய டாக்டர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். ஹெப்சிபாவின் குடியிருப்பு இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"அங்கே ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். நீ இங்கே உட்கார்ந்து உன் தகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய்," என்றார்.