ஊமைமலை அரக்கனும் உயிரைக் கையில் பிடித்தவர்களும்

கூழாங்குறிச்சிக்குத் தண்ணீர் ஊமைமலைக் குகைக்குள் இருக்கும் சுனையிலிருந்து வரும். ஒரு சித்திரை மாதம் கடாவாயன் என்கிற அரக்கன் எங்கிருந்தோ வந்து, பானைக்கு மூடி போட்ட மாதிரி அந்தச் சுனையின் மேல் உட்கார்ந்துகொண்டான். பத்தே நாளில் ஏரி வறண்டது. மாடுகள் ஈரச் சுவரை நக்கின. பூவாத்தாளின் தம்பிப் பாப்பாவுக்கு அழுதால் கண்ணீர்கூட வரவில்லை.

அரக்கனை விரட்டப் போன பயில்வான்கள் ஏழு பேரும் திரும்பும்போது ஊருக்கு வராமல் அவரவர் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர்த்தலைவர் பெரியாண்டி சாவடியில் கூட்டம் போட்டார்.

"தைரியம் உள்ளவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

மூன்று கைகள் எழுந்தன. பூவாத்தாள், வேலப்பன், நாச்சான். மூன்று பேருக்கும் வயது பதினைந்து. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவேண்டியதுதானே என்று பூவாத்தாள் நினைத்தாள். மற்றவர்கள் ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அவளுக்கு வருத்தம்கூட.

தலைவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் புத்தி சொன்னார். "ஊமைமலைக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம். அவன்கிட்ட வாயைக் குடுக்காதீங்க. ஆபத்துன்னா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துடுங்க."

மூன்று பேரும் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு வைக்கோல்போர், இரண்டு வேலி, ஒரு குப்பைமேடு எல்லாம் கடந்து, உச்சிவேளைக்கு ஓர் இருட்டான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"குகை வந்துடுச்சு" என்றாள் பூவாத்தாள், தடவிப் பார்த்து. "அரக்கனுக்குக் கொம்பு இருக்கு."

"வாலும் இருக்கு" என்றான் பின்னாலிருந்து நாச்சான்.

"என் எருமையை விடுங்கடா" என்றது தலைவரின் குரல். "கண்ணைத் திறந்துகிட்டே போய்த் தொலைங்க."

ஆகையால் இமைக்காமல் போனார்கள். மலை ஏறுவதற்குள் கண்கள் சிவந்து, கன்னமெல்லாம் கண்ணீர். கடாவாயனுக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்த பிறகுதான் அழுவார்கள்.

"யார் நீங்க?" என்றான்.

மூவரும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்கள். விரலிடுக்கு வழியாகப் பூவாத்தாள் சொன்னாள்: "வாயை மட்டும் கேக்காதீங்க. குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"உன் வாய் எனக்கு எதுக்கு? நான் முழுசாவே தின்னுடுவேன்."

"இது ஆபத்தா?" என்று வேலப்பன் கேட்டான்.

"ஆபத்து மாதிரிதான் இருக்கு" என்றான் நாச்சான்.

"அப்ப உயிரைப் பிடிக்கணும். உயிர் எங்க இருக்கு?" என்றான் வேலப்பன்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். அரக்கனும் காத்திருந்தான்.

"எங்கம்மா என் மேலதான் உயிரையே வச்சிருக்குது" என்றான் நாச்சான்.

"அது உங்கம்மா உயிர். அதைப் பிடிச்சா அவங்கதான் ஓடணும். உன்னோடது எங்க?" என்றாள் பூவாத்தாள்.

நாச்சான் சட்டையை உதறிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. பூவாத்தாளுக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்து, உயிரை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லையே. வேறு வழியின்றி அரக்கனிடமே கேட்டாள்.

"ஐயா, உயிர் எங்க இருக்கும்? தெரிஞ்சாச் சொல்லுங்க."

கடாவாயன் முகம் வெளுத்தது. "யார் சொன்னது உனக்கு? அந்த மூலைப் பானையில ஒண்ணும் இல்ல."

பூவாத்தாள் போய்ப் பானையைத் திறந்தாள். உள்ளே ஒரு பொன்வண்டு இருந்தது. அதை எடுத்ததும் அரக்கன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"பாத்துப் பிடி, தாயி."

தன் உயிர் இவ்வளவு சின்னதா என்று பூவாத்தாளுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வயது பதினைந்துதானே, இன்னும் வளரும் என்று தேற்றிக்கொண்டாள். மற்ற இருவருக்கும் அதுகூட அகப்படவில்லை. ஆளுக்கு ஒரு விரலால் அவளுடைய வண்டைத் தொட்டுக்கொண்டு ஓடினார்கள். "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சியபடி அரக்கன் பின்னாலேயே ஓடிவந்தான். அவன் எழுந்த இடத்தில் சுனை பீறிட்டது.

அவர்கள் ஊருக்குள் வந்து சேர்ந்ததும் தலைவருக்கு விஷயம் ஒரு நொடியில் விளங்கியது. அரக்கனின் உயிர் பூவாத்தாள் கையில். இனி அவன் சொன்னபடி கேட்பான். உடனே அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, ஊரையே கூட்டி நிறுத்தினார்.

"வாய்க்கால் தூர்ந்து கிடக்கு. தண்ணி வேற பக்கம் போயிடும். எல்லாரும் உயிரைக் குடுத்து வேலை செய்யணும்."

பூவாத்தாள் தயங்கினாள். இப்போதுதான் கிடைத்த உயிர். ஆனாலும் ஊர்க் காரியம், தம்பிப் பாப்பாவின் தாகம். யாரிடம் கொடுப்பது என்று தலைவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினாள். பக்கத்தில் நின்றவன் கடாவாயன்.

அரக்கன் வண்டை வாங்கியதுதான் தாமதம், ஊர் ஓட்டம் பிடித்தது. முதலில் ஓடியவர் தலைவர்.

கடாவாயன் கையிலிருந்த வண்டைப் பார்த்தான், மண்வெட்டியைப் பார்த்தான். "இதைப் பிடிச்சுக்கிட்டு எப்படி வெட்டுறது? நீயே வச்சுக்க, தாயி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் தயார். தண்ணீர் சலசலவென்று ஏரிக்குள் இறங்கியபோது பூவாத்தாள் கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"தண்ணி வந்துடுச்சுன்னு ஊருக்குச் சொல்லணுமே" என்றான் வேலப்பன்.

"ஊர் ரொம்ப தூரம் போயிருக்கும். நீளமான கால் உள்ளவங்கதான் போகணும்" என்றாள் பூவாத்தாள்.

எல்லோரும் கடாவாயனைப் பார்த்தார்கள். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அன்றிலிருந்து "நில்லுங்க, ஒரு நல்ல சேதி" என்று கத்திக்கொண்டே அவன் துரத்துகிறான். ஊர் இப்போது நாலாவது ஜில்லாவைத் தாண்டிவிட்டதாம். தலைவர்தான் இன்னமும் முதலில் ஓடுகிறாராம்.