பனியாளியை எப்போது இறக்குவது

"என் பனியாளி எதுக்கு முன்னாலயும் நிக்க மாட்டேங்குது டீச்சர்" என்றார் அருளப்பன்.

டீச்சர் என்றதும் பள்ளிக்கூடத்தைத் தேட வேண்டாம். மெர்சியா ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற பெண். அருளப்பனுக்கு அவள் வயதில் அக்கா மகள் இருக்கிறாள். ஆனால் தூத்துக்குடியில் பூதக்களம் ஆடுகிற எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

பூதக்களம் போனில் ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு இரண்டு பூதம்; அருளப்பனிடம் இருப்பவை பனியாளி என்கிற பனிச்சிங்கமும், கல்லாமை என்கிற கல் ஆமையும். ஒன்று களத்தில் நிற்கும், மற்றது காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் எதிராளிக்குத் தெரியாமல் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அடிக்கலாம். அல்லது நிற்பதைப் பின்வாங்க வைத்துவிட்டு மற்றதை இறக்கலாம். இரண்டு பேரும் அமுக்கிய பிறகுதான் யார் என்ன செய்தார்கள் என்று தெரியும்.

மெர்சியா போட்டிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்து, வந்தவர்களோடு ஆடுவாள். அவளிடம் ஒரு முறை உண்டு. தோற்றால் ஒரு கேள்வி கேட்கலாம். ஜெயித்தால் கேட்க ஒன்றும் இருக்காதாம்.

அருளப்பன் தோற்காமலே கேட்க ஆரம்பித்துவிட்டதால் அவள் பதில் சொல்லவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு மக்ரூன் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, போனைத் திறந்தாள்.

மனுஷன் அன்றைக்கு உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இறுதிப் போட்டி.

தூத்துக்குடிக் கூட்டத்தில் ஒரு பொல்லாத வழக்கம் இருக்கிறது. இறுதிப் போட்டியில் ஜெயித்தவர், தோற்றவரின் இரண்டு பூதங்களில் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் எடுத்ததுதான், திரும்பி வராது. ஆட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டாலும் தோற்ற கணக்குத்தான். முதல் சுற்றில் கொண்டுவந்த பூதங்களை நடுவில் மாற்றவும் முடியாது.

இதெல்லாம் அருளப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் பேர் கொடுத்தார். இறுதிவரை நாம் எங்கே போகப்போகிறோம் என்று நினைத்துவிட்டார். லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் ஆடுகிறவர், பாவம், வேறு என்ன நினைப்பார். அரையிறுதியில் எதிராளி காய்ச்சல் என்று வராமலே போய்விட்டான்.

இப்போது எதிரே நிற்பவன் இன்பராஜ். காலேஜ் பையன், கெட்டிக்காரன். ஜெயித்தால் பனியாளியைத்தான் எடுப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பனியாளி அருளப்பனுடையதே இல்லை. அவர் மகள் ஷெரின் முட்டையிலிருந்து பொரிக்க வைத்து வளர்த்தது. நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போகும்போது, பார்த்துக்கங்கப்பா என்று கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் அவர் ஆடவே கற்றுக்கொண்டார். மகள் போன் செய்தால் முதலில் கேட்பது பனியாளியை. அதில் ஆரம்பித்தால்தான் சாப்பாடு, பரீட்சை, ஹாஸ்டல் சண்டை எல்லாம் வரும். அதுவும் இல்லாவிட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் ஆட்டம்.

மெர்சியா தீக்கோட்டானை இறக்கினாள். நெருப்பு ஆந்தை. அருளப்பன் பனியாளியைப் பின்வாங்க வைத்துக் கல்லாமையை இறக்கினார். அந்த இடைவெளியில் கோட்டான் சும்மா நின்று சிறகைத் தீட்டிக்கொண்டது. தீட்டத் தீட்ட அதன் அடி கூடும். ஆமையின் ஓடு கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, கடைசியில் ஆமை விழுந்தது. பிறகு பனியாளியும் விழுந்தது.

"பனியாளியை எப்பம் இறக்கணும் டீச்சர்?"

"இறக்குங்க, சொல்லுதேன்" என்றாள் மெர்சியா.

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. இறக்கினேனே என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஆமையை முன்னால் விட்டார். அவளுடைய மற்ற பூதம் வந்ததும் துணிந்து பனியாளியை இறக்கினார். அடுத்த நொடி அவள் கோட்டானைக் கொண்டுவந்தாள். அவர் பின்வாங்கினார். கோட்டான் சிறகு தீட்டியது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

"நெருப்புக்கு முன்னால பனி நிக்குமா?"

"நின்னு பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

இந்த இடத்தில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு அப்பாவின் கவலை இந்தப் பெண்ணுக்கு எங்கே புரியும் என்று நினைத்தார். கணக்கை விரல்விட்டுச் சொன்னார். பனியாளி வேகக்காரி, முதல் அடி அவளுடையதுதான். ஆனால் கோட்டானைச் சாய்க்க அவளுக்கு இரண்டு அடி வேண்டும். கோட்டானின் நெருப்புக்கோ ஒரே அடி போதும். இவள் இரண்டாவது அடி அடிப்பதற்குள் அது இவளை முடித்துவிடும். பின்வாங்காமல் என்ன செய்ய?

கணக்கு சரிதான் என்று மெர்சியா ஒத்துக்கொண்டாள். ஒரு மக்ரூனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஆட்டமும் அப்படியே போனது.

இந்த முறை அருளப்பன் வெகுநேரம் யோசித்துத்தான் கேட்டார். "உங்க கோட்டானோட நெருப்புல எவ்வளவு பலம் வச்சிருக்கீங்க?"

மெர்சியா தன் போனை அவர் கையில் கொடுத்தாள். தீக்கோட்டானின் பக்கம் திறந்திருந்தது. ஒரு பூதத்துக்கு நான்கு வித்தைகள் சொல்லிக்கொடுக்கலாம். அருளப்பன் படித்தார். கொத்து. காற்றடி. சிறகு தீட்டு. தூங்கு.

மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"இதுல நெருப்பே இல்லையே."

"எதுக்கு வைக்கணும்? நீங்கதான் நிக்கவே மாட்டீங்களே."

அருளப்பனுக்கு முகம் செத்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "இன்பராஜ் அவன் கோட்டானுக்கு நெருப்பு வச்சிருக்கான் டீச்சர். அரையிறுதியில அவன் அதாலதான் ஜெயிச்சான்."

"வச்சிருக்கான். நானும் பாத்தேன்."

"அப்பம் நான் என்ன செய்ய?"

"அதுக்கு இன்னொரு தடவை தோக்கணும்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டியை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஷெரின் போன் செய்தாள். பனியாளி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். போட்டி, வழக்கம், இன்பராஜ் எதையும் அவர் அவளுக்குச் சொன்னதில்லை. நல்லா இருக்கா என்றார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

சங்கக் கட்டடத்து மாடியில் போட்டி. நல்ல கூட்டம். போட்டி நடத்துகிறவருடைய போனின் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். மெர்சியாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். அருளப்பன் அவள் பக்கம் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்பராஜ் தன் புல்லாட்டை முதலில் விட்டான். கல்லாமை அதோடு முட்டி மோதி, சாகிற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு அடி தாங்காது. அருளப்பன் அதைப் பின்வாங்க வைத்துப் பனியாளியை இறக்கினார். புல்லுக்குப் பனி என்றால் எமன். ஒரே அடியில் ஆடு விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

இன்பராஜ் அலட்டிக்கொள்ளவில்லை. தீக்கோட்டானை விட்டான்.

சுவரில் ஆந்தை சிறகை விரித்தது. அதன் எதிரே வெள்ளையாகப் பனியாளி நின்றாள். திரையின் மேலே நேரக்கோடு குறைய ஆரம்பித்தது. கோடு தீர்வதற்குள் அமுக்க வேண்டும்.

அருளப்பன் கணக்குப் போட்டார். பின்வாங்கினால் ஆமை வரும். கோட்டான் ஒரு முறை தீட்டிக்கொள்ளும், அடுத்த அடியில் ஆமை விழும். பிறகு தீட்டிய கோட்டானுக்கு முன்னால் பனியாளி நிற்க வேண்டிவரும். அது தெரிகிறது. நின்றால், நெருப்பு. அது இப்போதே. ஷெரினிடம் என்ன சொல்லுவது? வேறொருத்தன் கையில் இருக்கிறாள் என்றா? அடுத்த வாரம் போன் வந்தால் எதில் ஆரம்பிப்பது?

கோடு பாதிக்கு வந்துவிட்டது.

இன்பராஜ் எப்போதோ தன் பொத்தானை அமுக்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எதை அமுக்கினான் என்பது அவன் முகத்தில் இல்லை.

அருளப்பன் குனிந்து தன் போனைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் பின்வாங்கு என்ற பொத்தானுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே கொண்டுபோனது யார் என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஆனாலும் விரல் போய்விட்டது, அவரைக் கேட்காமலே.

அவர் அந்த விரலையே பார்த்தார்.

கோடு தீரப்போகிறது என்று யாரோ கத்தினார்கள்.

அவர் விரலை நகர்த்தி, அடி என்ற பொத்தானை அமுக்கினார்.

பனியாளி பாய்ந்தாள். ஆந்தைக்குப் பாதி உயிர் போனது. இனி அதன் முறை. அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

நெருப்புச் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது கோட்டான் சிறகைத் தீட்டிக்கொண்டு நின்றது.

இன்பராஜ் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். அடுத்த தடவை அவன் நெருப்பைத்தான் அமுக்கினான், எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் முதல் அடி வேகக்காரியுடையது. அவளுக்கு இன்னும் ஒரு அடிதான் தேவைப்பட்டது.

ஆந்தை விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த கூச்சலை அருளப்பன் சரியாகக் கேட்கவில்லை. போட்டி நடத்துகிறவர் மைக்கில், அண்ணாச்சி எதை எடுத்துக்கப் போறீங்க என்று கேட்டார். இன்பராஜ் தன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். இவ்வளவு நேரம் இருந்த தெனாவட்டு எங்கே போனதோ, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான். அருளப்பன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆடு போதும் என்று சொன்னார்.

கோட்டான் பிழைத்த நிம்மதியில் இன்பராஜுக்குப் பேச்சு வந்தது. கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கோட்டானைப் பாத்தா எப்பவும் பனியாளியைப் பின்னால எடுத்துருவீங்கல்ல அண்ணாச்சி, அதான் நான் நெருப்பை அமுக்கல. நான் அமுக்க மாட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது தம்பி" என்றார் அருளப்பன்.