மூணு தண்ணி

“தண்ணிய எண்ண முடியாதாம் டீச்சர்! எவன் எழுதுன புக்கு இது?”

ஏகாம்பரம் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

பத்தொன்பது வருஷமாக வடசென்னையில் தண்ணி லாரி ஓட்டுகிறவர். பத்தாவது பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரம். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது பரீட்சைக்கு நாலே நாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் சாயங்கால வகுப்பு எடுக்கும் பர்வீனுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. பொறுமையும் குறைவு.

“மத்த நவுன் எல்லாம் புரிஞ்சுதா அண்ணா?”

“ஏன் புரியாம? ஏகாம்பரம், ப்ராப்பர் நவுன். டிரைவர், காமன் நவுன். லாரிய சுத்தி நிக்குற கும்பல், கலெக்டிவ் நவுன். அதுங்க போடுற சண்டைல எனக்கு வருதே எரிச்சல், அது அப்ஸ்ட்ராக்ட் நவுன். எல்லாம் ஒத்துக்குறேன். தண்ணி மட்டும் அன்கவுண்டபிள்னா எப்படி? வீட்டுக்கு எட்டுக் குடம். தெனம் எண்ணி எண்ணித்தான ஊத்துறேன்?”

“நீங்க எண்ணுறது குடத்த.”

“குடத்துல இருக்குறது இன்னா, மண்ணா?”

மூன்று நாளாக இதே சண்டை. பர்வீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“காலைல லாரி எங்க நிக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வரிசையில் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

அவள் முறை வந்தது.

“குடம் எங்க டீச்சர்?”

“குடம் வேணாம். மூணு தண்ணி குடுங்க.”

இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

“விளையாடாதீங்க. பின்னால அறுபது பேர் நிக்குறாங்க.”

“எண்ணத் தெரியும்னீங்கல்ல? ஊத்துங்க. மூணே மூணு.”

ஏகாம்பரம் வீம்புக்கு ஓஸ் பைப்பைத் திருப்பினார். தண்ணீர் அவள் உள்ளங்கையில் அடித்து, விரலிடுக்கில் வழிந்து, சுடிதாரை நனைத்துத் தெருவில் ஓடியது.

“யோவ், வீணாக்காதய்யா!” வரிசை கத்தியது.

“எத்தன ஆச்சு அண்ணா?”

“ஒண்ணு…”

நிறுத்திவிட்டார். அந்த ஒன்று எங்கே முடிந்தது?

ஆத்திரத்தில் பைப்பை வெடுக்கென்று இழுத்தார். அது பக்கத்தில், சற்றுமுன் பிடித்து முடித்த பவுனம்மாவின் குடத்தில் பட்டது. நிறைந்திருந்த குடம் உருண்டு கவிழ்ந்தது. அவளுடைய எட்டாவது குடம்.

பவுனம்மா குனிந்து காலிக் குடத்தை எடுத்தாள்.

“மக முந்தாநாள்தான் புள்ள பெத்திருக்கா. இன்னொரு குடம் ஊத்துப்பா.”

“எட்டு முடிஞ்சுதும்மா.”

“நீதானப்பா தட்டிவிட்ட?”

“எட்டுன்னா எட்டுதான். தள்ளு, தள்ளு.”

பத்தொன்பது வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பர்வீன் சொட்டச் சொட்ட அங்கேயே நின்றாள். குவித்த கையை இன்னும் இறக்கவில்லை. அதில் ஒரு சொட்டு இல்லை.

ஏகாம்பரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கையிலிருந்து வழிந்ததும் குடத்திலிருந்து கொட்டியதும் ஒன்றாகச் சேர்ந்து சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எது எதுவென்று தெரியவில்லை.

பைப்பைப் பவுனம்மாவின் குடத்துக்குள் விட்டார். குடம் நிறைந்தது. அவள் இன்னொரு கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக் கீழே வைத்து அதிலும் விட்டார்.

வரிசையிலிருந்து ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

“இன்னாய்யா இது அநியாயம்? அந்தம்மாவுக்கு எத்தன?”

“தண்ணி,” என்றார் ஏகாம்பரம்.