வாயில்லாத பெட்டி

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். பாதியில் எழுந்து போனால் விட்டுப்போகும். வழக்கமாக இப்படிப்பட்ட கதைகளில் ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். இதில் ஒரு தவறுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள்.

தூத்துக்குடியில் தங்கபாய் என்று ஒருவர். கணவர் இல்லை. மகள் ஜெபசீலி, அவளுக்கு இளையவன் ஜாப்சன். பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக ஒரு கேம் பெட்டி இருந்தது. டிவியில் மாட்டி, சிடி போட்டு ஆடுவது. கிரிக்கெட், கார் பந்தயம், மல்யுத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருவரும் அதன் முன்னால்தான்.

"ஏலே, கள்ள ஆட்டம் ஆடாதலே" என்று அவள் கத்துவது தெருமுனைக்குக் கேட்கும். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் தம்பியை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்தன்று ஆலயத்தில், போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோதுகூட, "ஏலே, என் செருப்பைப் பாத்துக்கோ" என்றாள். முன்வரிசை முழுவதும் சிரித்தது.

அந்தக் கல்யாணத்தை ஒட்டித்தான் தங்கபாய் பங்கு பிரித்தார். பெட்டி ஜாப்சனுக்கு, சிடிகள் எல்லாம் ஜெபசீலிக்கு.

"இது என்னம்மா பங்கு? அரிசியை அவகிட்ட குடுத்துட்டு ஆட்டுக்கல்லை என்கிட்ட குடுக்கியே" என்றான் ஜாப்சன்.

தங்கபாய் சிரித்ததோடு சரி. ஒருவர் இல்லாமல் ஒருவர் ஆட முடியாது. அதுதான் அவர் போட்ட கணக்கு.

ஜெபசீலி திருச்சியில் வாழ்க்கைப்பட்டாள். அங்கே அந்தச் சிடிகள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தன. குடும்பப் பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கிற மாமியார். அவர் பக்கத்தில் இருந்தால் ஜெபசீலியின் பேச்சே மாறிவிடும், குரல் அடங்கிவிடும். ஆனால் கிறிஸ்துமஸ் வந்தால் சிடிகள் பையில் ஏறும். மருமகனுக்கு லீவு கிடைப்பதில்லை. அவள் மட்டும் பஸ் ஏறி வருவாள். பண்டிகைச் சாப்பாடு முடிந்து அக்காளும் தம்பியும் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழமாட்டார்கள். வருடத்தில் மகள் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு மத்தியானம்தான் என்று தாய்க்குத் தெரியும்.

போன டிசம்பரில் ஜாப்சன் புதுப் பெட்டி வாங்கப் புறப்பட்டான். வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வந்திருந்தது. பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள் என்று அதையும் தூக்கிக்கொண்டான். தாயும் கூடப் போனார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது சிடி போடுறது. உங்க பழைய சிடியும் இதுல ஓடும். இன்னொண்ணுக்கு வாயே கிடையாது, எல்லாம் நெட்ல இறக்கிக்கிடணும். பழைய சிடி ஓடாது. ஆனா விலை கம்மி. வீட்டுல பழைய சிடி கிடக்கா?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல" என்றான் ஜாப்சன். அது பொய் இல்லை.

தங்கபாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோலே."

அவன் வாசலுக்குப் போய் அக்காளைப் போனில் கூப்பிட்டான். விலை குறைந்த பெட்டியில் பழைய சிடி ஓடாது என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

"நல்லதா பாத்து வாங்கிக்கோ தம்பி" என்றாள் ஜெபசீலி. "அந்தச் சிடியெல்லாம் இனிமே எனக்கு எதுக்கு?"

போனை வைத்த பிறகும் அவன் அதையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

"என்னலே சொல்லுதா?" என்றார் தாய்.

"வாங்கச் சொல்லிட்டாம்மா."

பழையதைக் கொடுத்துவிட்டு வாயில்லாத பெட்டியைக் கட்டச் சொன்னான். மிச்சப் பணத்தில் இன்னொரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கினான், அக்காளுக்கு என்று.

கிறிஸ்துமஸ் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஜெபசீலி பையைத் திறந்தாள். பழைய சேலைத் துண்டில் சுற்றிய சிடிகள். கிரிக்கெட்டை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலே, இதை எங்கலே போட?"

ஜாப்சன் செருப்பை மாட்டினான். பழைய பெட்டியைக் கேட்டு அப்போதே கடைக்கு ஓடினான். அது எப்போதோ கைமாறிவிட்டது. பிரித்த புதுப் பெட்டியைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்களாம். வெறுங்கையோடு வந்து நின்றான்.

"ஒண்ணா இருந்ததை ரெண்டாப் பிரிச்சது நான்தான். தப்பு என் மேலதான்" என்று தங்கபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ என்னம்மா செய்வே? அவன் கேட்டான்லா, நான்தானே வாங்கச் சொன்னேன்" என்றாள் ஜெபசீலி.

"இல்லக்கா. விலை கம்மின்னு ஆசைப்பட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றான் ஜாப்சன்.

மூன்று பேருமே மனம் நொந்துதான் சொன்னார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிரித்த தாயா, வாங்கச் சொன்ன அக்காளா, வாங்கிய தம்பியா? இதில் தவறு யாருடையது?

விடை: தம்பியுடையது. ஆனால் அவன் ஒப்புக்கொண்ட தவறு அல்ல. பேச்சு வந்த நாளிலிருந்து 'ஏலே' என்று கூப்பிட்டவள் போனில் 'தம்பி' என்றாள். பக்கத்தில் மாமியார் நிற்கிறார், இது சம்மதம் இல்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவன் போனைப் பார்த்துக்கொண்டு ஏன் நிற்கிறான்? தாயின் காதில் அந்தச் சொல் விழவில்லை. தம்பிக்குப் புரிந்திருக்கும் என்று நம்பித்தான் அக்காள் சிடிகளை எடுத்துக்கொண்டே வந்தாள். விலைக்கு ஆசைப்பட்டதாகச் சொல்லி, புரிந்தும் வாங்கிய பெரிய தவறை அவன் சின்னத் தவறால் மூடினான். அதுவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "வாரேன் தம்பி" என்றாள். மாமியார் திருச்சியில் இருந்தார்.