நாழிகைத் தொட்டிக்கு வைத்த ஒட்டு

கொற்றவூர் அரசருக்கு நல்ல மனசுதான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறாரோ, அவர் பேச்சுதான் அவர் காதில் நிற்கும். அவருடைய அவையில் அஞ்சுகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். வாதம் செய்வதற்கென்றே அவளுக்கு ஓர் ஆசனம். உலைக்கள அதிகாரி பெருஞ்சாத்தனாருக்கு அது கண்ணை உறுத்தியது.

ஒருநாள் அவையில் நேரம் காட்டும் நாழிகைத் தொட்டி விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுகியது. செம்புத் தொட்டி.

"மெல்லிய தகடு அரசே, உலையில் வைத்தால் போய்விடும்" என்று கைவிரித்தார் அதிகாரி. அதோடு நிறுத்தினாரா? "எல்லாம் தெரிந்த அஞ்சுகவல்லி ஒட்டட்டுமே! முடியாவிட்டால் ஆசனத்தைக் காலி செய்யட்டும்!"

அரசர் தலையாட்டினார். "பொழுது சாய்வதற்குள் ஒட்டிவிடு அம்மா."

"சரி அரசே. உலைக்களத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள்."

"அதெப்படி? பெண் அங்கே கால் வைக்கக் கூடாது. வழக்கம்!" என்றார் பெருஞ்சாத்தனார்.

யார் போட்ட வழக்கம்? கேட்டால் பதில் கிடையாது. வேலையை அவள் செய்ய வேண்டும், வேலை நடக்கும் இடத்துக்கு மட்டும் போகக் கூடாது. இதற்குப் பெயர் நியாயமாம்!

அஞ்சுகவல்லி அன்று வாதாடவில்லை. தொட்டியோடு நேரே மடைப்பள்ளிக் கொல்லைக்குப் போனாள். சமையல்காரி கூத்தாயி பதறினாள்.

"ஐயோ தாயீ, சோறு வேகுற அடுப்புல செம்பு உருகுமா?"

"செம்பு எதுக்கு உருகணும் கூத்தாயி? நடுவுல ஒட்டுறது உருகினா போதாதா? பாத்திரத்துக்குப் பூசுற வெள்ளீயம் வெச்சிருப்பியே, எடு. நவச்சாரமும் எடு."

மீன்வலைக் குண்டு சிலவற்றை வாங்கிவரச் செய்தாள். அது காரீயம். வெள்ளீயம், காரீயம் இரண்டையும் உருக்கிக் கலந்து கம்பியாக வார்த்தாள்.

"ரெண்டும் தனியா இருந்தா முரண்டு பிடிக்கும். கலந்துட்டா கொஞ்சச் சூட்டுக்கே இளகிடும், பாரேன்."

விரிசலைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். ஈயம் செம்பில் பிடிக்க நவச்சாரம் தூவினாள். பழைய செப்புக் கரண்டியை அடுப்பில் காயவைத்து விரிசலோரம் அழுத்தி, கம்பியால் தொட்டாள். சர்ரென்று உருகி உள்ளே ஓடிற்று.

"கரண்டியத் தூரப் போட்டுடு. காரீயம் பட்டது சாப்பாட்டுக்கு ஆகாது."

மாலை அவையில் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெருஞ்சாத்தனார் ஒட்டை உற்றுப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"மோசடி அரசே! வெறும் ஈய ஒட்டு! அடுப்பில் ஏற்றினால் பிரிந்துவிடும்!"

"பிரியத்தான் செய்யும். நாழிகைத் தொட்டியில் என்ன குழம்பு கொதிக்க வைக்கப் போகிறீர்கள் ஐயா?"

அவையே சிரித்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆசனம் உனக்கே. வேறென்ன வேண்டும், கேள்!"

"உலைக்களத்தை ஒருதரம் சுற்றிப் பார்க்க வேண்டும் அரசே."

"அங்கே உனக்கு என்ன வேலை?"

"எனக்கு ஒரு வேலையும் இல்லை. கொல்லை அடுப்பில் ஒரு பகலில் முடிகிற காரியத்துக்குக் கைவிரித்துவிட்டு, அத்தனை பேரும் உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான்!"